ஆளில்லாத பள்ளத்தாக்கில் ஒரு கிணறு

சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் சித்தீகா, மடியில் கடைசி அத்தியாயத்தின் தாள்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கணவன் ஆரிஃப் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

சிறுவர் பத்திரிகை ஒன்றில் சித்தீகாவின் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஊரைத் தரை விழுங்கிவிட, சனங்கள் தங்கள் வாசக்கால்களைப் பெயர்த்து முதுகில் சுமந்துகொண்டு புது நாடு தேடிப் போகிறார்கள். நட்ட வாசக்கால் எங்கே துளிர்க்கிறதோ அதுதான் அவர்கள் நாடு. உப்புப் பாலைவனத்தைத் தாண்டிவிட்டார்கள். பேசும் நாரைகளுக்குத் தாலாட்டுகளைச் சுங்கமாகக் கொடுத்து ஆற்றையும் கடந்துவிட்டார்கள். இன்றைய தபாலில் முடிவு வராவிட்டால் தொடரை அப்படியே நிறுத்திவிடுவதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவந்த சனத்தை நடுவழியில் விட சித்தீகாவுக்கு மனம் வரவில்லை.

"மலைக்கு அந்தப்புறம் ஆளே இல்லாத பள்ளத்தாக்கு. நடுவில் தித்திப்பான தண்ணீருள்ள கிணறு. கிணற்றடியில் நட்டதும் வாசக்கால் துளிர்த்தது" என்று படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"அந்தக் கெணத்த யாரும்மா வெட்னது?" என்றாள் மாணிக்கம்மாள்.

"யாரும் இல்லக்கா. சும்மா இருந்துச்சு."

"கெணறு எங்கனா சும்மா இருக்குமா?"

"நாரை பேசுது, அத வுட்டுட்டீங்க. கெணறுதான் ஒதைக்குதா?" என்றான் ஆரிஃப், கண்ணைத் திறக்காமலே.

"நாரை பேசிட்டுப் போவுது தம்பி. வெட்னவன் எங்கன்னுதான் கேக்கறேன். நீ தூங்கு."

சுரங்கத்துக்காகக் கம்மாபுரம் பக்கத்து ஊரைக் காலி செய்துகொண்டு வந்தவள் மாணிக்கம்மாள்.

"எங்களுக்கு மனை குடுத்தப்பவும் காலி எடம்னுதான் சொன்னாங்க. லாரிலேர்ந்து வாசக்கால எறக்கிகினு இருக்கோம், ஒருத்தி கூடையோட வந்து நிக்கறா. வருசா வருசம் அவ முந்திரிக்கொட்ட பொறுக்கற எடமாம். 'எந்தூரு நீங்க?'ன்னா. எங்கூருதான் இல்லியே, என்னான்னு சொல்றது?"

"அப்புறம்?"

"ரொம்ப நாளு பேச்சு கெடையாது. இப்ப அந்த மனையில இருக்கற எங்க மாமியா வூட்டு வேலிய அவ ஆடுதான் மேயுது, யாரும் வெரட்றதில்ல."

"இத நீங்க சொல்லவே இல்லியேக்கா!"

"வாசக்கால மட்டும் நோண்டி நோண்டிக் கேட்ட. அவளப் பத்தி எங்க கேட்ட?"

சித்தீகா 'ஆளே இல்லாத' என்பதை அடித்தாள். துளிர்த்ததையும் அடித்தாள். கிணற்றுக் கயிறு ஈரமாக இருந்தது என்று எழுதினாள். கதைக்குள் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். வாசக்காலோடு வந்தவர்கள் சுமையை இறக்கவில்லை. "இங்கே ஒரு வாசக்கால் நடலாமா?" என்று கேட்டார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் பார்த்து நடுவீர்கள்? காட்டுங்கள்" என்றாள்.

ஆரிஃப் எழுந்து உட்கார்ந்திருந்தான். "ஊர் சேந்தாங்களான்னு ஆசிரியர் கேப்பாரே?"

"சேந்துட்டாங்க. இனிமே அவங்க பேசிக்கட்டும்."

உறையில் பசை தடவி அழுத்தினாள். அவன் பைக் சாவியை எடுப்பதற்குள் அவளே பின்சீட்டில் ஏறியிருந்தாள். தபால் நிலையக் கவுன்ட்டர் மூடும் நேரத்தில் உறையின் மேல் முத்திரை விழுந்தது.