கழுத்து வரை எண்ணெய்

பத்ரிநாராயணன் குறை சொன்னால் கேட்டவர் உடம்பில் கொப்புளம் எழும்பும். சித்திரக்குளம் பக்கத்துத் தெருவில் வெகுநாளாக இது நடந்துவந்தது. பாலில் தண்ணீர் என்று பேச்சு வாங்கிய பால்காரர் கழுத்து பொத்துப் போனது, வெயில் என்றார்கள். இங்கிலீஷ் பத்திரிகையில் பத்ரிநாராயணன் எழுதிய கச்சேரி விமர்சனத்தைப் படித்த வித்வானுக்கு விரலெல்லாம் வெந்தது. வெந்நீர் பட்டிருக்கும் என்றார்கள். 1968 பொங்கலுக்கு பத்ரிநாராயணன் வீட்டில் வெள்ளையடிக்க வைரவனும் வலியுல்லாவும் வந்த பிறகு, கொப்புளத்துக்கெல்லாம் காரணம் சுண்ணாம்புதான் என்று ஆகிவிட்டது.

வலியுல்லா கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் ஊற வைப்பார், வைரவன் ஏணியேறி அடிப்பான். வாலிபத்திலிருந்தே கூட்டாளிகள். சுண்ணாம்பைத் தொடுமுன் இருவரும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். முதல் நாள் அந்த வீட்டுச் சமையல்காரருக்குக் கை வெந்தது, மறுநாள் வேலைக்காரிக்கு. இன்னும் ஒருத்தருக்குப் பட்டால் இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். வைரவனுக்கும் மனசு கோணிற்று. மகள் கல்யாண அலைச்சலில் இருந்த வலியுல்லா, சரியாக ஊறி நீறாத, கையைச் சுடும் சுண்ணாம்பையே கலக்கிவிட்டாரோ?

"பாய், நெசத்த சொல்லு. நல்லா ஊற வெச்சியா இல்லியா?"

"இன்னா நைனா, என் மேலயே டவுட்டா? நீயே கைய உட்டுப் பாரு."

வைரவன் கையை விடவில்லை. வலியுல்லா வாளியைத் தூக்கிக்கொண்டு மீர்சாகிப்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் காலை வைரவன் தனியாக வந்தான். டிரம்மைத் திறக்கவில்லை, எண்ணெயும் தடவவில்லை. பத்ரிநாராயணன் வெளியே வந்து சுவரைப் பார்த்தார். "இதுக்குப் பேர் வெள்ளையா? காக்கா எச்சம் இதைவிட நன்னாருக்குமே!" என்றார். வைரவனுக்குத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சரசரவென்று கொப்பளித்தது. அவர் மகள் வைதேகி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. "அப்பா எழுத்தைக் காஸ்டிக்னு சொல்லுவா. எரிக்கறதுன்னு கிரேக்க பாஷையில அர்த்தமாம். நாங்க ஆத்துல எண்ணெய் தடவிண்டுதான் அவர் எதிர்ல போவோம்."

"தெரிஞ்சேதான் எங்க சுண்ணாம்பு மேல பழி போட்டீங்களாம்மா?"

அவள் கிண்ணத்தை ஏணியடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வைரவன் நேரே வலியுல்லா வீட்டுக்குப் போய்க் கையைக் காட்டினான். அவர் சுண்ணாம்பு வாடை வருகிறதா என்று குனிந்து மோந்து பார்த்தார். "நீயே சுட்டுக்கினு வந்து கதை உடறியா?" நேற்று தான் கேட்ட கேள்விக்கு அது சரியான கூலி என்று வைரவன் ஏற்றுக்கொண்டான். கடைசியில் வலியுல்லா தானே போய் பத்ரிநாராயணன் எதிரில் நின்றார், ஏணி வைத்த இடம் தப்பு என்று ஒரு வசவு வாங்கினார், புறங்கையில் புடைத்ததை ஊதிக்கொண்டே திரும்பினார்.

"நம்ம சுண்ணாம்புக்கு இவ்ளோ காட்டம் ஏது நைனா!" என்று சிரித்தார்.

1975 வாக்கில் அந்த வீட்டு கேட்டில் ஒரு எண்ணெய்க் கிண்ணம் தொங்கியது. தபால்காரர், கீரைக்காரம்மா, சபா காரியதரிசி எல்லாரும் தடவிக்கொண்டுதான் மணியடித்தார்கள். வைரவனும் வலியுல்லாவும் பொங்கலுக்குப் பொங்கல் வந்தார்கள். சுண்ணாம்புக்கு முழங்கை வரை எண்ணெய், பத்ரிநாராயணனுக்குக் கழுத்து வரை.