நூறு சதவீதப் பள்ளி

தங்கையை எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய அப்பா பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். எங்கள் புறநகரில் அரசுப் பள்ளிகள் மூன்று: மேட்டுப் பள்ளி, பாலத்துப் பள்ளி, டெப்போ பள்ளி. அப்பா பேருந்து நடத்துநர். மூன்று பள்ளி வாசலிலும் அவர் வண்டி நிற்கும் என்பதால் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பவர்.

கல்வி அலுவலகம் வருடா வருடம் வெளியிடும் சின்னப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பியிருந்தார். தேர்ச்சி, தூரம், ஆய்வுக்கூடம், கழிப்பறை. மேட்டுப் பள்ளியின் தேர்ச்சி நூறு. அதன் அடியில் இரண்டு கோடு. பாலத்துப் பள்ளி எண்பத்திரண்டு. டெப்போ பள்ளி எழுபத்தொன்று. அதன் கழிப்பறைக் கட்டத்தில் மட்டும் "கடவுள் விட்ட வழி" என்று எழுதியிருந்தார்.

"நூத்துக்கு நூறு. இதுக்கு மேல என்ன பார்க்கணும்? நாளைக்கு ஃபாரத்தைக் கொடுத்துட வேண்டியதுதான்."

"பாலத்து ஸ்கூலுக்கு நடந்தே போயிடுவா. மேட்டுக்கு பஸ்லதான் போகணும்," என்றாள் அம்மா.

"கண்டக்டர் பொண்ணுக்கு பஸ்ஸா பஞ்சம்?"

"உங்க பஸ்ல மட்டும் ஏற மாட்டேன்பா," என்றாள் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். "எல்லார் முன்னாடியும் 'உள்ள போ, உள்ள போ'ன்னு என்னையும் கத்துவீங்க."

"உள்ள போகலேன்னா கத்தத்தான் செய்வேன். அப்பனாவது மகளாவது."

வாலுவுக்கு வாய் இருக்கும் அளவுக்குக் கணக்கு இல்லை. கடைசித் தேர்வில் முப்பத்தொன்று. நானும் அவள் வயதில் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை இல்லை. அப்பாவின் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அக்காவுக்கு நல்ல ஸ்கூல் கிடைச்சுது. வச்சுக்கத் தெரியல," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. வண்டியைத் தவறவிட்ட யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொன்னார். "நீயாவது நடுவுல நிக்காம முடி."

மேட்டுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பாதியில் நான் நின்று எட்டு மாதம் ஆகிறது. படிப்பு ஏறவில்லை என்று நானே சொல்லி நின்றேன். வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர்கள் தேநீர் குடிக்கப் போனபோது புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர். அப்பாவின் தாளில் இன்னும் இரண்டு கட்டம் போட்டு, பென்சிலால் அந்த எண்களை எழுதிவிட்டுச் சட்டைக்கே திரும்பினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா வந்து தாளை எடுத்தார். மேட்டுப் பள்ளிக்கு நேரே இருந்த பென்சில் எண்களில் விரலை வைத்தார்.

"ஏறினது இருநூத்திப் பதினாலு," என்றார் மெதுவாக. "கடைசி ஸ்டாப்ல இறங்கினது நூத்தி எழுபத்து மூணு. நடுவுல நாப்பத்தொரு பேர் எங்க இறங்கினாங்க? என் வண்டியில இப்படி வந்தா செக்கர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான்."

"பாலத்து ஸ்கூல்ல?" என்றாள் அம்மா.

"நூத்தித் தொண்ணூறு ஏறி, நூத்தி எண்பத்தேழு இறங்கியிருக்கு." என்னைப் பார்த்தார். "நீயா எழுதினே?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "அந்த நாப்பத்தொண்ணுல ஒண்ணு நான்தான்பா. நானா நிக்கல. நிக்கச் சொன்னாங்க."

சட்டையை மடித்துக்கொண்டே தொடர்ந்தேன். "டீச்சர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாங்க. இந்தக் கணக்கு மார்க்குக்கு நீ பாஸாக மாட்டே, ஃபெயில்னு பேர் வாங்குறதுக்கு நீயா நின்னா மரியாதைன்னாங்க. சொல்றப்ப அவங்களுக்கே கண் கலங்கிடுச்சு. மேல இருந்து அவங்களையும் நெருக்குறாங்களாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அங்க போய்ச் சண்டை போடுவீங்க."

"போயிருப்பாருதான்," என்றாள் அம்மா.

"நீ கொண்டு வந்த லெட்டர்ல சொந்த விருப்பத்தின் பேரில் நிக்கிறதான்னு இருந்துச்சு," என்றார் அப்பா. "படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

வாலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப என்னையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். அப்பா தாளை நான்காக மடித்தார்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு எங்கள் இருவரையும் பாலத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார். நானும் வர வேண்டும் என்றார். அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் ஒரு வயதான எழுத்தர் பசைப் புட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்பா கேட்பதற்கு முன்பே, "தேர்ச்சி எண்பத்திரண்டுதான் சார். மேட்டு ஸ்கூல் அளவுக்கு வராது," என்றார்.

"அது கிடக்கட்டும். நடுவுல நின்ன மூணு பேர் என்ன ஆனாங்க?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை யாரும் கேட்டதில்லையே. ஒரு குடும்பம் ஊர் மாறிப் போச்சு. ஒரு பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. இன்னொரு பையன் வீட்டுக்கு கணக்கு சாரும் நானும் வாராவாரம் போறோம். கதவைத் திறக்க மாட்டேங்கிறான்."

"கணக்குல நான் ரொம்ப வீக்," என்றாள் வாலு. "பரவாயில்லையா?"

"பசை மூடியைத் திறக்கத் தெரியாத நானே இங்க முப்பது வருஷமா இருக்கேன். பாஸாகாதவங்களுக்குச் சாயங்காலம் பக்கத்து ரூம்ல கணக்கு வகுப்பு நடக்குது. சத்தம்தான் தாங்க முடியாது."

அப்பா படிவத்தின் முதல் கட்டத்தில் பாலத்துப் பள்ளியின் பெயரை எழுதி நீட்டினார். பிறகும் நகரவில்லை.

"வேற ஸ்கூல்ல நடுவுல நின்னவங்க அந்த ரூம்ல வந்து உக்காரலாமா?"

"யாரு சார்?"

அப்பா ஓர் அடி விலகி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த நான் எழுத்தர் கண்ணில் பட்டேன்.

"எப்பம்மா நின்னே?"

"பத்தாவதுல, அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி," என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"இங்க வந்து சொல்லும்மா."

நான் சன்னலுக்குப் பக்கத்தில் போனேன்.