மேட்டில் நின்ற செவலை

மாட்டுப் பொங்கலன்று பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு போடுவது வழக்கம். வினோதாவும் தன் பசு செவலைக்குப் போட்டாள். டவுனில் வாங்கிய வழவழப்பான நைலான் கயிறு. அதில் முடிச்சு நிற்காது என்று அவளுக்குத் தோன்றவில்லை. விடிந்து பார்த்தால் கயிறு முளைக்குச்சியடியில் கிடக்கிறது, செவலையைக் காணோம்.

செவலை நிறைசினை. தலைச்சன் ஈற்று. இந்தத் தை மாதப் பனியில் வெளியே கன்று போட்டால் கன்று பிழைக்காது.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தை நிறுத்து, ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிற கணக்கப்பிள்ளை சின்னராசா நின்று பார்த்தார்.

"என்னா வினோதா, மாட்டுக்குப் பொங்கல் வச்சியா, வழியனுப்பி வச்சியா?"

"நக்கல் பண்ணாதீங்கண்ணே. புல்லுமலைக்கித்தான் ஏறியிருக்கு. குளம்படி தெரியுது."

"புலி திரியுற எடம் புள்ள. ஆம்பளைங்க வேல முடிஞ்சி வரட்டும், சேந்து போவோம்."

"அதுவரைக்கும் கன்னு வயித்துக்குள்ள ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? இன்னிக்கிப் பேரு விழாம சம்பளம் போனா போகட்டும்."

கொழுந்துக் கூடையில் கொஞ்சம் புண்ணாக்கையும் பழைய சாக்கையும் போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

தேயிலை முடிந்தது. டர்பன்டைன் மரங்களும் முடிந்தன. அதற்கு மேல் புல்வெளிதான். பிறந்ததிலிருந்து இந்த மலைக்குக் கீழேயே கிடந்தவள், தனியாக இங்கே வந்ததில்லை. கீழே எல்லாமே தேயிலை நிரை. இது உன் நிரை, அது அவள் நிரை. இங்கே நிரையும் இல்லை, வேலை வாங்குகிற கண்டாக்கும் இல்லை. கண்ணுக்கு எட்டினமட்டும் ஒவ்வொரு புல்லிலும் உறைபனி பூத்து, வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது. கால் வைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. தூரத்தில் ஒரு மரைமான் தலை தூக்கி அவளைப் பார்த்தது. அப்புறம், 'நீயா, சரி' என்பதுபோல மறுபடி மேயக் குனிந்தது.

"அடி ஆத்தி!" என்றாள், கேட்க யாரும் இல்லாவிட்டாலும். வந்த காரியம் கூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

அப்போதுதான் பனிமூட்டம் இறங்கியது. குளம்படி மறைந்தது. காற்று முகத்தில் அறைந்தது. வயிற்றுச் சுமையோடு ஒருத்தி எங்கே போய் ஒதுங்குவாள்? காற்றுப் படாத பள்ளத்துக்குத்தான். தானாக இருந்தால் அங்கேதான் போவாள். வினோதா பள்ளத்தில் இறங்கினாள்.

அங்கே காற்று இல்லை. ஆனால் குளிர் எலும்பைப் பிடித்தது. ஓடைக்கரைத் தண்ணீர் கண்ணாடியாகக் கட்டியிருந்தது.

"செவல! ஏ செவல!"

நேற்று அதன் கழுத்தில் கட்டிய பொங்கல் மணி எங்கும் கேட்கவில்லை. சுற்றிலும் வெள்ளையாக விறைத்த புல்லைப் பார்த்தபடி நின்றவளுக்கு, தோட்டத்துப் பள்ளத்துத் தேயிலை நினைவுக்கு வந்தது. வருடா வருடம் கருகுவது அதுதான். மேட்டுத் தேயிலை பச்சையாகவே நிற்கும். பனி பள்ளத்தில்தான் வந்து உட்காரும். தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன, பள்ளத்தில் வந்தல்லவா நிற்கிறாள்!

மேட்டைப் பார்த்து ஏறினாள். பாதி ஏறும்போதே மேலிருந்து பொங்கல் மணி கிணுங்கியது.

மூட்டத்துக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலை வெயில் முதலில் விழுகிற சரிவில், ஒரு பாறையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, சிவப்புச் சாயம் பூசிய கொம்போடு செவலை நின்றது. அதன் காலடியில் ஈரம் காயாத கன்று ஒன்று, எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

"இந்த எடத்த ஒனக்கு யாரு தாயி சொல்லிக் குடுத்தா?" வினோதா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செவலை புண்ணாக்கைத் தேடிக் கூடைக்குள் மூக்கை விட்டது.

அது தின்னும்வரை சாக்கால் கன்றைத் துடைத்தாள். சீம்பால் குடிக்க வைத்தாள். பிறகு அதைச் சாக்கில் சுற்றிக் கூடையில் இறக்கித் தலையில் மாட்டினாள். கழுத்து நொந்தது. செவலைக்குக் கயிறு தேவைப்படவில்லை. கூடையை மோந்துகொண்டே பின்னால் வந்தது. நின்று நின்று இறங்கியதில் தோட்டம் சேர அந்தியாகிவிட்டது.

அந்திக் கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தாண்டித்தான் லயத்துக்குப் போக வேண்டும். தராசோடு நின்ற சின்னராசா, கூடைக்கு வெளியே நீண்ட நாலு காலையும் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடியே, இது என்னா கொழுந்து?"

"மேட்டுக் கொழுந்துண்ணே. வேணும்னா நிறுத்துப் பாருங்க" என்றாள் வினோதா. "ஆனா ஒண்ணு, ஈரத்துக்குன்னு ஒரு கிலோகூடக் கழிக்கக் கூடாது!"