இரண்டு மீட்டர்

ரங்கெலின் இடது கை என் லாரிக்கும் சரக்கு மேடைக்கும் நடுவில் நசுங்கியபோது காலை பதினொரு மணி. நல்ல வெயில். இருட்டின்மேல் பழி போட வழியில்லை.

பர்வொமாய் ஊருக்கு வெளியே உள்ள குடைமிளகாய் ஆலையில் பதினாறு வருடமாக நான் டிரைவர். ரங்கெல் மேடையில் சரக்கு இறக்குபவன். அன்று டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் இரண்டு கண்ணாடிகள். மேலே இருப்பது தூரத்தை உள்ளபடி காட்டும். கீழே இருக்கும் வளைந்த கண்ணாடி நிறைய இடத்தைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் தள்ளியே காட்டும். ரங்கெல் கீழ்க் கண்ணாடியில்தான் தெரிந்தான். மேடை ஓரத்தில் பிய்ந்து தொங்கிய இடிதாங்கி ரப்பரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மீட்டர் இருக்கிறது, நகர்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அரை மீட்டர்கூட இல்லை.

"அவனைப் பார்த்தியா, மின்கோ?" மேலாளர் வெலிச்கா விபத்து அறிக்கையும் பேனாவுமாக நின்றார்.

"இல்லைங்க. கண்ணாடியில விழவே இல்ல."

எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் ரங்கெல் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

"வாடா! கை போனது எனக்கு, சோறு இறங்காதது உனக்காமே?" என்று சிரித்தான். அவன் மனைவி தோதோர்கா சீஸ் வைத்துச் சுட்ட பனித்ஸாவைச் சூடாகக் கொண்டுவந்தாள்.

"சாப்பிடுங்க அண்ணே. இவர் செஞ்ச கூத்துக்கு நீங்க ஏன் இளைக்கணும்?"

"நிஜம்தான்" என்றான் ரங்கெல். "கண்ணாடிக்குத் தெரியாத இடத்துல போய்க் குனிஞ்சா, நீ என்ன ஜோசியமா பார்ப்பே?"

தட்டைக் கீழே வைத்தேன்.

"கண்ணாடிக்கு நீ தெரிஞ்சே, ரங்கெல். உன்னைப் பார்த்தேன்."

"என்னது?"

"கண்ணாடியில பார்த்தேன். ரெண்டு மீட்டர் இருக்குன்னு நினைச்சேன். நிறுத்தியிருக்கணும்."

அவன் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. "பார்த்துட்டுமா எடுத்தே? மூணு வாரமா என் புத்தியை நானே செருப்பால அடிச்சுக்கிட்டிருக்கேன். உனக்கு ஒரு ஃபோன் பண்ணத் தோணலையாடா?"



"கிளம்புங்க" என்றாள் தோதோர்கா. இந்த முறை அண்ணே சேர்க்கவில்லை.

மறுநாள் காலை வெலிச்காவிடம் போய் நடந்ததைச் சொல்லி, புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பெட்டி கழுவும் இடத்துக்கு அனுப்பினார். மனது லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

அக்டோபரில் ரங்கெல் வேலைக்குத் திரும்பினான். என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பான். ஒருநாள் ஒரு மிளகாய்ப் பெட்டியை அந்தக் கையால் தூக்க முடியாமல் திணறினான். ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

"விடு" என்றான்.

விட்டேன். முழங்காலால் பெட்டியை முட்டுக்கொடுத்து, பிடியை மாற்றித் தூக்கிக்கொண்டு போனான். நான் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.