தன்மையாகச் சொன்னது

சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியிலிருந்து காலையிலேயே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. லேபில் வேலை பார்க்கும் கவிப்பிரியா வேதியியல் படித்தவள். தொட்டிக்குள் இறங்குபவரை அந்த வாயு கொன்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மேஸ்திரி ரத்தினசாமி லேப் வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, இன்னைக்குச் சேறு அள்ள வேண்டாம்னு அந்த சுக்தேவுகிட்டச் சொல்லீரு."

"நானுங்களா?"

"பின்ன? இந்திப் பரீட்சை எழுதுனது நீயா நானா? எனக்கு இந்தியும் வராது, ஒரு மண்ணும் வராது."

சுக்தேவ், பட்டறைக்கு வந்த முதல் பீகார்க்காரர். அவள் அப்பா வயது இருக்கும். தொட்டிக்குள் ஏணியை இறக்கிக்கொண்டிருந்தார்.

கவிப்பிரியாவின் வீட்டில் ஆட்டுக்குட்டியைக்கூட 'போ சாமி' என்றுதான் விரட்டுவார்கள். பெரியவர்களைத் தடுக்க வேண்டுமானால், 'உங்களுக்கு எதுக்குங்க சிரமம், அப்புறம் பாத்துக்கலாங்க' என்பார்கள். அவ்வளவு போதும், கேட்டவர் கையை எடுத்துவிடுவார். வேலைக்குக் கிளம்புபவர் முகத்துக்கு நேரே சாவு என்ற பேச்சையும் எடுக்க மாட்டார்கள்.

இந்தியிலும் அவள் அப்படியே சொன்னாள். தொட்டி இன்று சரியில்லை, உங்களுக்கு ஏன் சிரமம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லும் பிசகவில்லை.

"சிரமம் ஒன்றுமில்லை, மகளே" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார் சுக்தேவ்.

மரியாதைக்குச் சொல்கிறார், ஏணியை எடுத்துவிடுவார் என்று நினைத்து அவள் லேபுக்குத் திரும்பி வந்தாள்.

துணித் துண்டுகளைச் சாயத்தில் முக்கிக்கொண்டிருந்தபோது நாற்றம் நின்றிருந்தது. நிம்மதியாக மூச்சை இழுத்தாள். அப்புறம்தான் உறைத்தது. அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் தெரியவில்லை என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஓடினாள்.

ஏணி உள்ளேதான் நின்றது. கரையில் அவருடைய செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன. கீழே இருட்டில் மண்வெட்டி சேற்றை இழுக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்சம் மேலே வர முடியுமா என்று இந்தியில் கேட்டாள். அவசரத்திலும் அவளுக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

"இதோ, முடிந்துவிடும்" என்றது கீழிருந்து இந்திக் குரல். சாராயம் குடித்தவர் குரல்போல் இழுத்தது.

"ஏய்! மேல வாடா!"

பிறந்ததிலிருந்து அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தமிழில்தான் கத்தியிருந்தாள்.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

ஏணியின் நுனியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறினால் அது அசைய வேண்டும்.

அசையவில்லை.