பூஜையில் வைத்த அருவாள்

கமாண்டர் விட்மோர் காதில் பூச்சுற்றுகிறார் என்றுதான் ஆறு வருடமாக நினைத்திருந்தேன். பிரிட்டிஷ் கடற்படையில் ஓய்வு பெற்று, மகளோடு அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். வயது எழுபத்தைந்து, ஒரு முழங்கால் மடங்காது. உலகப்போரில் எதிரித் துறைமுகத்துக்குள் நீந்திப் போய், நங்கூரச் சங்கிலியில் ஏறி, மூன்று காவலாளிகளின் கழுத்தை அறுத்துக் கப்பலுக்கு வெடி வைத்தாராம். மூன்றாமவன் சாக நெடுநேரம் ஆனதாம். நான் என் மனைவி ராமாத்தாளைப் பார்த்துக் கண்ணடிப்பேன்.

1996 ஆயுத பூஜை மதியம் அவரைச் சுண்டலுக்கு அழைத்திருந்தோம். ஸ்க்ரூடிரைவர், கத்தி, பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவந்த அருவாள் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு படத்தின் முன் இருந்தன. மறுநாள் வரை தொடக்கூடாது.

விட்மோர் வந்து சோபாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. திறந்தேன். முகமூடியோடு இருவர். ஒருவன் துப்பாக்கியால் என் வாயில் அடித்தான், இரண்டு பற்கள் போயின. பூஜைப் படத்தின் பக்கத்தில் விழுந்தேன். இன்னொருவன் பெட்ரூமுக்குள் ஓடினான்.

இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வந்திருக்கிறார்கள். நகையெல்லாம் பேங்க் லாக்கரில் என்று ராமாத்தாள் அழுதாள். முதலாமவன் அவள் தலையைச் சுவரில் மோதினான், நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்துப் பத்து வரை எண்ண ஆரம்பித்தான்.

அருவாள் என்னிடமிருந்து ஒரு சாண் தூரம். சாமிக்கு வைத்ததை எடுக்கலாமா என்று யோசித்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன்.

நொண்டிக் கிழவனை அவர்கள் மதிக்கவே இல்லை. விட்மோர் காலை இழுத்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிக் குனிந்து அருவாளை எடுத்தார். ஒரே வெட்டு. துப்பாக்கி பிடித்த கை மணிக்கட்டில் தொங்கியது. அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான்.

மற்றவன் பெட்ரூமிலிருந்து வந்து இருமுறை சுட்டான். இரண்டும் வயிற்றில். விட்மோர் நிற்கவில்லை. நடந்துபோய் அவன் கழுத்தில் வெட்டினார், மேலேயே விழுந்தார், அவன் அசையாமல் போகும் வரை வெட்டினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மிசஸ் நஞ்சப்பன் ஓகேவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம்புலன்ஸ் வருமுன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, நெற்றித் தையலோடு ராமாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, அருவா உங்க பக்கத்துலதான இருந்துச்சு?"

"சாமிக்கு வெச்சதாச்சேன்னு..."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க," என்றாள். அப்புறம் அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.