கையெழுத்துக்கு விட்ட இடம்

மூன்று மாதத்துக்கு முன் பிப்பெட்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘எனக்கு ஒரு வேலை பாருடி.’ நான் பதில் எழுதுவதற்குள் அதை அழித்துவிட்டாள். பிப்பெட் என்பது துளித் துளியாக அளக்கும் கண்ணாடிக் குழாய்; கல்லூரி ஆய்வகத்தில் என் தோழி ஒரு துளிகூடப் பிசகாமல் அளப்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இப்போது திருமணமாகி, கோட்டை மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தில் வாழ்கிறாள்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியானது. அவளுக்காக விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். போனில் சொல்ல முடியாது. எப்போது அழைத்தாலும் ஸ்பீக்கரில் அவள் கணவரும் இருப்பார். அதனால் சனிக்கிழமை நானும் எங்கள் வகுப்புத் தோழி வாயாடியும் பஸ் ஏறினோம்.

அவர் எங்களை நன்றாகத்தான் கவனித்தார். தட்டில் எதையும் குறையவிடவில்லை. நாங்கள் இருந்த அறையை விட்டு நகரவும் இல்லை. அவர்கள் சமையலறையின் பின்சுவர் கோட்டை மதிலேதான், ஜன்னல் கிடையாது. பிப்பெட் பாத்திரம் கழுவப் போனபோது நானும் எழுந்தேன்.

“நீ உக்காரும்மா, விருந்தாளி வேலை செய்யலாமா?” என்று அவரே போய்த் துடைத்து வைத்தார்.

“தங்கமான மாப்பிள்ளை,” என்றாள் வாயாடி என் காதில். “அரை மணி நேரம் தொலைஞ்சு போனா தேவலை.”

ஞாயிறு காலை மதிலைப் பார்க்கப் போனோம். மேலே போகும் படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். வாயாடி கீழே பீரங்கி முன் நின்றுகொண்டாள்.

“அண்ணா, இது எத்தனை டன் இருக்கும்? குண்டு எவ்வளவு தூரம் போகும்?”

அவர் விளக்க ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் ஏறிவிட்டோம்.

விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பிப்பெட் நின்றபடியே முழுவதும் படித்தாள். மதிப்பெண்ணில் தசமப் புள்ளியை நான் விட்டிருந்தேன்.

“எண்ணூத்திப் பதினாலு சதவீதமா? எனக்கே தெரியாமப் போச்சேடி,” என்று சிரித்து, புள்ளி வைத்தாள். கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன்.”

“கேட்டா விடுவாரா?”

“மாட்டார்.”

“அப்புறம்?”

“நீங்க சாயங்காலம் பஸ் ஏறிடுவீங்க. நான் இங்கதானே இருக்கணும்.”

என் அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது, முதல் சம்பளம் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தபோது, “நாளைக்குக் கடைசி நாள்டி,” என்பதுதான் வந்தது.

கீழே வாயாடி அடுத்த கேள்வியைத் தொடங்கியிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடமாவது தாங்கும். பிப்பெட் பேனாவை மூடி, தாளோடு என் கையில் வைத்தாள். நான் தாளை மடிப்பதற்குள் மதில் விளிம்பில் குனிந்தாள்.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள், “மேல வாங்க. இங்க காத்து நல்லா வருது.”